மறுபடியும் கேட்காத கம்ப்யூட்டர்

1

“…ஒருக்கா வேண்டாமுன்னு சொன்னா, அப்புடியே கதவச் சாத்திப்போடுவாளா? மறுக்கா ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இவளுக்கு வாய் வலிக்குதா? பஸ்ஸத் தவற உட்டுப்போட்டு ஒரு மனுசி பனியில வந்து வாசல்ல நிக்கறா. ‘சரி, பாத்துப் போங்க’ன்னு சொல்லிப்போட்டு உள்ள போறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா?”

இப்படிக் கேட்டது என் அக்கா சரசு. கேட்டது யாரை என்றால், ஒரு கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த படத்தை. கேட்ட இடம் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அக்கா வீட்டு ஹால். சித்திரை மாதத்து வெயில் இறங்கி, ஃபேன் காற்றே வெந்நீர் மாதிரி முகத்தில் அடிக்கும் நேரம்.

அக்கா யாரையும் சும்மா திட்ட மாட்டாள். திட்டினால் அதில் நாலு பேர் எடுத்துவைத்துக்கொள்ளும்படி ஒரு வார்த்தையாவது இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஜனங்கள் பேசுவதைப் பொறுக்கிச் சேர்க்கிற கிறுக்கு உண்டு. பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோன எனக்கு அக்கா வாய்தான் காலேஜ். அவள் அன்றைக்குக் கம்ப்யூட்டரைத் திட்டிய திட்டில் என் ஐந்து வருஷ வெளிநாட்டு வாழ்க்கை மொத்தமும் அடங்கியிருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இந்தச் சித்திரையோடு நாங்கள் ஜப்பானுக்குப் போய் ஐந்து வருஷம். என் வீட்டுக்காரருக்கு ஒசாகாவில் நூற்பாலை இயந்திரங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. இங்கே மில்லில் அதே இயந்திரத்தை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர், அங்கே அது பிறக்கிற இடத்துக்கே போய்விட்டார். கூட நானும், அப்போது ஐந்து வயதாக இருந்த எங்கள் மகள் காவ்யாவும்.

போன முதல் வாரமே வார்டு ஆபீசில் பெயர் பதியச் சொன்னார்கள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார் அங்கிருந்த அம்மா. எங்களுக்கு அப்படி ஒன்று இல்லையே! பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் வீட்டுக்காரர் பெயர் இருந்தது. அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஜப்பான் சர்க்காருக்கு நான் திருமதி சாந்தி இல்லை, ‘பழனிசாமி–சான்’. நாம் ‘ங்க’ போடுகிற மாதிரி அவர்களுக்கு அந்தச் ‘சான்’. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நிற்போம். காவ்யாவின் பள்ளிக்கூடத்திலும் அவளுக்குப் பழனிசாமி–சான் என்றே பெயர். ஊசி போட வந்த நர்ஸம்மா ஒரு தடவை, “எந்தப் பழனிசாமி?” என்று கேட்க, மூன்று பேரும் ஆளுக்கு இன்னொருவரைக் கைகாட்டினோம்.

இதெல்லாம் சிரித்துக் கடந்துவிடக்கூடியதுதான். கடக்க முடியாதது வீட்டுக்குள் இருந்த அமைதி. வீட்டுக்காரர் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். வந்தால் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். காவ்யா மூன்றாம் வகுப்புக்கு வந்தபோதே அவளுக்குத் தமிழ் வாயின் ஓரத்துக்குப் போய்விட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜப்பான் மொழியில் பதில் சொல்வாள். “தமிழ்ல சொல்லு சாமி” என்றால், “வாய் வலிக்குதும்மா” என்பாள். பொய் இல்லை. நிஜமாகவே தாடையைத் தடவிக்கொள்வாள்.

பேசுவதற்கென்றே பிறந்த என்னை, பேச ஆளில்லாத வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? ரேடியோவுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். குக்கர் விசில் அடித்தால், “வாரேன், வாரேன்” என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். ஒரு நாள் வாசிங் மெசினிடம், “முடிஞ்சுதுங்களா?” என்று கேட்டபோது எனக்கே பயமாக இருந்தது.

3

எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு ரொட்டிக் கடை. அங்கே மியுகி என்று ஒரு பெண், இருபத்திரண்டு வயது, எந்நேரமும் விரலில் மாவு. என் உடைந்த ஜப்பான் மொழியைக் கேட்டுச் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். என்னிடம் என்ன கண்டாளோ, ஒரு நாள் ரொட்டிப் பையோடு ஒரு ஃபிளாப்பி டிஸ்கையும் போட்டுக் கொடுத்தாள். “நானும் என் தோழிகள் இரண்டு பேரும் செய்தது. கதை விளையாட்டு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்” என்றாள்.

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது சுடுவதும் குதிப்பதும்தான். வீட்டுக்காரர் கொண்டுவரும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், இது அப்படியில்லை. திரையில் ஒரு படம் வரும். ஒரு ரயில் நிலையம், ஒரு சமையலறை, ஒரு முகம், இப்படி. அடியில் ஒரு கட்டத்தில் அந்த முகம் பேசுவது எழுத்தாக வரும். பின்னால் மெதுவாகப் பியானோ. எண்டர் பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி. கதை போகிற போக்கில், சில இடங்களில் மட்டும் நின்று நம்மைக் கேட்கும்: இப்போது நீ என்ன சொல்கிறாய்? இரண்டு பதில் கொடுத்திருக்கும். நாம் எதை அழுத்துகிறோமோ அதன்படி கதை திரும்பும். ஒருத்தி எழுத, ஒருத்தி படம் போட, ஒருத்தி இசை அமைக்க, மூன்று பெண்களும் வீட்டிலேயே செய்து, ஃபிளாப்பியில் ஏற்றி, தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் முதல் கதை முடிந்தபோது நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இது ஏன் பிடித்தது என்றால், இது எனக்காகக் காத்திருந்தது. கடைக்காரரும் டாக்டரும் டீச்சரம்மாவும் வேகமாகப் பேசிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்; எனக்குப் பாதிதான் புரிந்திருக்கும். இந்தக் கதையில் இருக்கிறவர்களோ, நான் அகராதியைப் புரட்டி முடிக்கிறவரை வாயைத் திறந்தபடியே நிற்பார்கள். பருப்பு வேகவைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே முகம், அதே வரி, அதே பொறுமை. ஜப்பான் மொழியில் இன்றைக்கு நான் நாலு எழுத்து வாசிக்கிறேன் என்றால் அது வகுப்பில் வந்ததில்லை. இறந்துபோன மனைவி போட்டிருந்த குளிர்கோட்டை யாருக்காவது கொடுக்கலாமா வேண்டாமா என்று தவிக்கிற ஒரு மனிதரிடமும், தொலைந்த பூனையைத் தேடுகிற ஒரு பள்ளிக்கூடப் பெண்ணிடமும் கற்றுக்கொண்டது.

மியுகியே எழுதிய கதை ஒன்று உண்டு. மலை மேல் ஒரு சின்ன ஊர். பனி கொட்டுகிறது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட ஒருத்தி, வெளிச்சம் தெரிகிற ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவைத் திறக்கிற அம்மா, “உள்ளே வந்து ஒரு டீ குடிக்கிறீர்களா?” என்று கேட்கிறாள். நான் ‘குடிக்கிறேன்’ என்று அழுத்தினேன். யோசிக்கவே இல்லை. உள்ளே போனால், டீ கொதிக்கிற சத்தத்துக்கு நடுவில் அந்த அம்மா சொல்கிறாள்: அவளுடைய தங்கை இதே பஸ்ஸில் ஏறித்தான் வெளியூர் போனாளாம். என்றைக்காவது திரும்பி வரும்போது இருட்டாக இருந்தால் வழி தெரிய வேண்டுமே என்று, அன்றிலிருந்து வாசல் விளக்கை அணைப்பதே இல்லையாம்.

நான் எண்டரை அழுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பியானோ மட்டும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்துக் காத்திருக்கிற ரகமில்லை எங்கள் அக்கா. “எப்ப வாரே, என்ன கொண்டு வாரே, எத்தனை நாளைக்கு லீவு” என்று விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிற ரகம். ஆனாலும் அந்த அம்மாவின் முகத்தில் எனக்குச் சரசக்காதான் தெரிந்தாள்.

அக்காவை ஒசாகாவுக்கு அழைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. மூன்று மாதம் வந்து இருந்தால் போதும். வீடு பேசும். காவ்யாவின் வாய் வலி போய்விடும். எனக்கும் வாசிங் மெசினை விட்டால் வேறு ஆள் கிடைக்கும்.

4

மறுநாளே விசாரிக்கப் போனேன். அழைப்பவர் கடிதம், பொறுப்பேற்கும் கடிதம், உறவுக்குச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். ஒன்றில், ‘வருவதன் நோக்கம்’ என்று இருந்தது. என்ன எழுதுவது என்று கவுண்ட்டரில் இருந்தவரைக் கேட்டேன்.

“எதற்காக வருகிறார்?” என்றார்.

“பேசுவதற்கு” என்றேன்.

“கூட்டத்தில் பேசுகிறவரா?”

“இல்லை, என்னோடு.”

அவர் தலையைச் சாய்த்து, மூச்சை உள்ளே இழுத்து, கடைசியில் ‘உறவினர் சந்திப்பு’ என்று அவரே பென்சிலால் எழுதிக் காட்டினார். நல்ல மனுஷர்.

சாயங்காலம் ரயில் நிலையத்துப் பச்சை நிறப் போனில் கார்டைச் செருகி அக்காவைக் கூப்பிட்டேன். வெளிநாட்டுக்குப் பேசினால் கார்டில் இருப்பது மழைத்தண்ணீர் மாதிரி ஓடும். திரையில் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். நலம் விசாரித்து முடிப்பதற்குள்ளேயே பாதி போய்விட்டது. அவசரமாகச் சொன்னேன்: “அக்கா, நீங்க இங்க மூணு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க. நான் டிக்கெட் அனுப்பறேன்.”

கார்டில் இன்னும் நாலு எண் இறங்கியது. அப்புறம் அக்கா குரல்: “அய்யோ, எனக்கென்னத்துக்குக் கண்ணு அதெல்லாம். வேண்டாஞ்சாமி.”

“சரிங்கக்கா” என்றேன். போன் கீச்சென்று கத்திக் கார்டை வெளியே துப்பியது.

வருத்தம்தான். அக்காவுக்கு வர இஷ்டமில்லை, நம் வீடு அவளுக்கு ஒத்துவராது என்று நினைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதக் கட்டு ஃபிரிட்ஜுக்கு மேலே போனது. அதன் மேல் ரொட்டி, ரொட்டியின் மேல் வாழைப்பழம் என்று வருஷம் ஓடிவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ போன் பேசினோம். அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

5

இந்த வருஷம் லீவுக்கு நானும் காவ்யாவும் மட்டும் வந்தோம். கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து உபயோகிக்கிற, மடக்கிப் பையில் வைக்கிற கம்ப்யூட்டரை வீட்டுக்காரர் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி எனக்குக் கொடுத்தனுப்பினார். மியுகி எழுதிய கதையை அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. அந்த வாசல் விளக்கு வருகிற இடத்தை அவள் கேட்க வேண்டும். ‘நீங்க வராட்டியும் பரவாயில்லை, எனக்கு உங்க நெனப்பு இப்படித்தான் இருக்கு’ என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. கதை சொல்லட்டும் என்று இருந்தேன்.

கோயமுத்தூர் ஸ்டேஷனில் இறங்கியதுமே மானம் போயிற்று. ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்ததும் பழக்கதோஷத்தில் இடுப்பை வளைத்துக் குனிந்தேன். அவரும் பதறிக் குனிந்து சீட்டுக்கடியில் பார்த்தார். “ஏனுங்க, எதாச்சும் கீழ போட்டுப்போட்டீங்களா?”

அக்கா வீடு அப்படியேதான் இருந்தது. மாமாவுக்குச் சென்னிமலைப் பெட்ஷீட் மொத்த வியாபாரம்; நாங்களும் சென்னிமலைக்காரர்கள்தாம். வீட்டில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதற்கு ஒரு கட்டம் போட்ட துணி இருக்கும். மாமா அதிகம் பேச மாட்டார். அதற்கு அவரே காரணம் வைத்திருக்கிறார்: “உங்கக்கா பேசறப்ப மூச்சு வாங்குவா பாருங்க, அந்த எடவெளியிலதான் நான் பேசோணும். அதுக்குள்ள ஒரு வாய் சோறு தின்னலாமுன்னு தின்னுக்குவேன்.”

துணி உலர்த்த மாடிக்குப் போனபோது கொடியில் இரண்டு ஸ்வெட்டர் தொங்கியது. கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று. கம்பளி என்றால் சும்மா இல்லை, ஆட்டுக்குட்டி மாதிரி கனம். கோயமுத்தூரில், சித்திரையில்!

“அக்கா, ஊட்டிக்குப் போறீங்களா?”

“ஊட்டியாவது ஒண்ணாவது. பொட்டியில கெடந்துச்சு, பூச்சி புடிச்சுப் போகுமுன்னு வெய்யில்ல போட்டேன்” என்றவள், நான் கேட்காமலே கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் முதல் சண்டை. அக்கா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கியிருந்தாள், மேலே நெய். காவ்யா தட்டைக் காலி செய்தாள். அக்கா கரண்டியை எடுத்தாள்.

“வேண்டாம் பெரியம்மா.”

ஒரு கரண்டி விழுந்தது.

“பெரியம்மா, வேண்டாம்!”

இன்னொரு கரண்டி. நெய்யும். காவ்யா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ‘நான் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், ஏன் கேட்கவில்லை?’ என்று ஜப்பான் மொழியில் பொரிந்து தள்ளினாள். நான் அதை அக்காவுக்குச் சொன்னேன். அக்கா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன சொல்றே சாந்தி? இந்தப் புள்ள வேண்டாமுன்னா, நெசமாலுமே வேண்டாமுங்குதா?”

“ஆமாங்கக்கா.”

“அட என்ற கண்ணே! அப்புறம் வேணுமுன்னா என்னன்னு சொல்லும்?”

“வேணும்னு சொல்லும்.”

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மேரி டீச்சர் எட்டிப் பார்த்தார். அக்காவுக்கு இருபது வருஷச் சிநேகிதி அவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதிலும் குழம்புக் கிண்ணம் போக வரத் தோதாக ஓர் இடம் தேய்ந்தே போயிருக்கும். “டீச்சர், இங்க வந்து பாருங்க. என்ற தங்கச்சி மக, வேணுமுன்னா வேணுங்குதாமா!” என்று அக்கா கூப்பிட்டுச் சொன்னாள், என்னமோ குழந்தைக்கு ஆறு விரல் இருக்கிற மாதிரி.

எங்கள் பக்கத்தில் பழகியவர்களுக்கு இது புரியும். ஒரு வீட்டுக்குப் போகிறோம், ‘காப்பி குடிக்கறீங்களா’ என்பார்கள். ‘வேண்டாமுங்க, இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தோம்’ என்போம். குடித்திருக்க மாட்டோம். ‘அதெப்புடிங்க, ஒரு வாய் குடிங்க’ என்பார்கள். ‘உங்களுக்கு எதுக்குங்க சிரமம்’ என்போம். அதற்குள் அடுப்பில் பால் ஏறியிருக்கும். மூன்றாவது தடவை, ‘சரிங்க, அரை டம்ளர்’ என்றால் முழு டம்ளர் வரும். முதல் தடவையே ‘குடு’ என்று கை நீட்டினால் சோற்றுக்கு அலைந்தவன் என்று பெயர். அதைவிட மோசம், ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடுவது. அந்த வீட்டைப் பற்றி ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

6

சாயங்காலம் மாமா கடையிலிருந்து சீக்கிரமே வந்தார். மேரி டீச்சர் ஒரு கிண்ணத்தில் மாங்காய் நறுக்கி மிளகாய்ப்பொடி தூவிக் கொண்டுவந்தார். ஹாலில் ஸ்டூல் போட்டு, அதன் மேல் கட்டம் போட்ட துணி போட்டு, அதன் மேல் கம்ப்யூட்டரை வைத்தேன். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்வது, காவ்யா எண்டர் அழுத்துவது என்று ஏற்பாடு.

மலை ஊர் வந்தது. பனி கொட்டியது. பியானோ ஆரம்பித்தது.

“ஆரோ செத்துட்டாங்களா?” என்றார் மாமா.

“சும்மாருங்க. கதைக்கு முன்னாடியே வாரீங்க” என்றாள் அக்கா.

ஜப்பான்காரர்களையெல்லாம் நான் கொங்குத் தமிழில்தான் பேச வைத்தேன். வேறு தமிழ் எனக்கு வராது. பஸ்ஸைத் தவறவிட்டவள், “ஏனுங்க, ஊட்டுல ஆருங்க?” என்று கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. அந்த அம்மா முகம் வந்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நல்ல களையான மொகமா இருக்குது. சேலை மட்டும் கட்டியிருந்தா நம்ம பக்கத்து ஆளுன்னே சொல்லலாம்” என்றாள்.

“‘வாங்க அம்மணி, உள்ள வந்து ஒரு டீ குடிக்கறீங்களா?’ன்னு கேக்கறாங்க” என்றேன். “அக்கா, இப்ப நீங்கதான் பதில் சொல்லோணும். மேல இருக்கறது ‘குடிக்கிறேன்’. கீழ இருக்கறது ‘வேண்டாம்’.”

எனக்குப் பரபரப்பாக இருந்தது. உள்ளே போனதும் அந்த வாசல் விளக்கு. அக்கா முகம் எப்படி மாறும் என்று பார்க்கக் காத்திருந்தேன்.

“இதென்ன கேள்வி? வேண்டாமுங்கன்னு அமுத்து கண்ணு” என்றாள் அக்கா.

“மொதத் தடவையே குடிக்கறேன்னா நல்லாவா இருக்கும்” என்றார் மேரி டீச்சர்.

மாமாகூட மாங்காயோடு தலையை ஆட்டினார்.

காவ்யா கீழே நகர்த்தி அழுத்தினாள். திரையில் அந்த அம்மா தலை குனிந்து, ‘அப்படியா? சரி, பார்த்துப் போங்கள்’ என்றாள். கதவு மூடியது. வெறும் பனி. பியானோ இரண்டு தட்டுத் தட்டி நின்றது. நடுவில் ஒரு சொல் வந்தது.

“என்ன போட்டிருக்குது?” என்றாள் அக்கா.

“முடிந்தது” என்றேன்.

“எது?”

“கதை.”

ஐந்து பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஜப்பான்காரர்களும் லேசில் வேண்டும் என்று சொல்கிறவர்கள் இல்லை. ஆனால் மியுகிக்கு வயது இருபத்திரண்டு, இந்த உபசாரமெல்லாம் பழகாத வயது. ஒரு கேள்விக்கு இரண்டு பதிலுக்குத்தான் அவள் ஃபிளாப்பியில் இடம். அத்தனை பொறுமையாகக் காத்திருக்கிற விளையாட்டுக்கு, இன்னொரு தடவை கேட்க மட்டும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் ஒசாகாவில் அந்தக் கதவுக்கு முன்னால் நான் ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார்த்ததே இல்லை. ஒரே தடவையில் ‘குடிக்கிறேன்’ என்று அழுத்திவிட்டு உள்ளே போனவள் நான். எப்போது இப்படி ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை.

7

அப்போதுதான் அக்கா அந்தத் திட்டுத் திட்டினாள். ஒருக்கா வேண்டாமுன்னு சொன்னா அப்புடியே கதவச் சாத்திப்போடுவாளா என்று. மேரி டீச்சர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாமா அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. காதில் பச்சைப் போன் கீச்சென்று கத்தியது. வேண்டாஞ்சாமி. சரிங்கக்கா. கார்டு வெளியே வருகிற சத்தம்.

அக்காவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்தபடி, ஸ்டூலின் மேல் விரித்த துணியின் ஓரத்து நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்க ஒசாகாவுக்கு வரோணும்” என்றேன்.

நூல் நின்றது.

“எனக்கென்னத்துக்குக் கண்ணு சப்பானு. இங்க ஆயிரம் வேலை கெடக்குது.”

போன வருஷம் இத்தோடு விட்டேன். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். “வேலை கெடந்தாக் கெடக்குது. நீங்க வந்தே ஆகோணும். எனக்குப் பேச ஆளில்லீங்கக்கா.”

“வந்தா ஆச்சா? உங்க மாமாவுக்கு ஆரு சோறாக்கறது?”

“நான் மெஸ்ஸுல பாத்துக்கறேன்” என்றார் மாமா. ஒரு மூச்சுக்கூட விடாமல் சொன்னார்.

“பாத்தியா சாந்தி, இந்த மனுசனுக்கு எத்தனை சந்தோசமுன்னு! மூணு மாசம் காதுக்கு லீவு!”

“நாங்க பாத்துக்கறமுங்க, குழம்பு சுவத்து மேலயே வந்துரும்” என்றார் மேரி டீச்சர்.

அக்கா மறுபடி அந்த நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். திரையில் பனி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நான் அடுத்து என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, காவ்யா எழுந்து வந்து அக்கா முன்னால் நின்றாள். தாடையை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

“பெரியம்மா, நீங்க வாங்க. நான் டீ போட்டுத் தர்றேன். நீங்க வேண்டாம்னு சொல்லுங்க. நான்…” வார்த்தை கிடைக்காமல் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள். “நான் மறுக்கா கேப்பேன்.”

அக்கா முந்தானையால் காவ்யாவின் முகத்தைத் துடைத்தாள். காவ்யா முகத்தில் துடைக்க ஒன்றுமே இல்லை. பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்து, படியேறி மாடிக்குப் போனாள்.

“இப்பத்தானா கேக்கறீங்க” என்றார் மாமா மெதுவாக. “போன வருசம் போன் வந்த மறுநாளே போயி ரெண்டா வாங்கியாந்துபோட்டா. மாசத்துக்கு ஒருக்கா வெய்யில்ல போடறா, மடிச்சு வெக்கறா. நான் ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

அக்கா இறங்கி வந்தாள். சேலைக்கு மேல் அந்தக் கத்தரிப்பூ ஸ்வெட்டர், கழுத்துவரைக்கும் பொத்தான் போட்டு. நெற்றியில் அதற்குள்ளேயே வேர்வை. யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, காவ்யாவை இடித்து நகர்த்தி, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“டீச்சர், அந்த ஃபேன அஞ்சுல வையுங்க” என்றாள். “நீ மொதல்லிருந்து போடு கண்ணு.”

மறுபடியும் மலை ஊர், பனி, பியானோ. கதவு திறந்தது. அந்த அம்மா முகம் வந்தது. “வாங்க அம்மணி, உள்ள வந்து…” என்று நான் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடிப்பதற்குள் அக்கா கையை நீட்டி, தன் விரலாலேயே ‘குடிக்கிறேன்’ என்று அழுத்தினாள்.